தோண்டினாலும் தீராத விஷம்: ஒரு மரக்கம்ப ஆலையைச் சுத்தம் செய்ய ஏன் ஒரு தலைமுறை ஆகிறது?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பென்சகோலா என்ற நகரம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே குடியிருப்புகளுக்கு நடுவில் திடீரென ஒரு 'மலை' முளைத்தது. உயரம் சுமார் 60 அடி, அதாவது ஐந்து மாடிக் கட்டடம் அளவுக்கு. மேலே பிளாஸ்டிக் போர்வை. உள்ளே அத்தனையும் நச்சு மண். அக்கம்பக்கத்து மக்கள் அதற்கு வைத்த பெயர் 'மவுன்ட் டையாக்சின்'. டையாக்சின் மலை.

இந்த மலையை உருவாக்கியது விஷத்தைக் கொட்டிய கம்பெனி அல்ல. அதைச் சுத்தம் செய்ய வந்த அரசு அமைப்பு.

மின்கம்பங்களுக்கு மருந்து ஏற்றும் ஒரு சாதாரண மர ஆலை, மூடி பதினான்கு ஆண்டு கழித்து, 358 குடும்பங்களை ஊரைவிட்டே கிளப்பியது எப்படி? இப்படி ஒரு இடத்தைச் சுத்தம் செய்வது ஏன் இவ்வளவு கஷ்டம்? 'சுத்தமாகிவிட்டது' என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

மரத்துக்கு எதற்கு விஷம்?

பச்சை மரத்தை அப்படியே மண்ணில் நட்டால் சில ஆண்டுகளில் கரையானும் பூஞ்சையும் தின்றுவிடும். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டை, தந்திக் கம்பம், மின்கம்பம், துறைமுகத் தூண் எல்லாம் பல பத்தாண்டு தாங்க வேண்டும் என்றால், மரத்தைத் தின்ன வரும் உயிர்களைக் கொல்லும் ஏதாவது ஒன்றை அதற்குள் ஏற்ற வேண்டும்.

அந்த 'ஏதாவது ஒன்று' நூறாண்டுக்கும் மேலாக கிரியோசோட்தான். நிலக்கரித் தாரைக் காய்ச்சி வடித்து எடுக்கும் கருப்பு எண்ணெய். பழைய ரயில் நிலையங்களில் வெயில் நேரத்தில் தண்டவாளப் பக்கம் ஒரு தார் வாசனை அடிக்குமே, அதுதான். இந்த எண்ணெயை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றும் முறைக்கு 1838-ல் இங்கிலாந்தில் ஜான் பெத்தல் காப்புரிமை வாங்கினார். ரயில் பாதைகள் பரவிய இடமெல்லாம் இந்தத் தொழிலும் பரவியது.

20-ம் நூற்றாண்டின் நடுவில் இன்னொன்று வந்தது: பென்டாகுளோரோபீனால், சுருக்கமாக 'பென்டா'. இதை டீசல் போன்ற எண்ணெயில் கரைத்துப் பயன்படுத்துவார்கள். பென்டா தயாரிக்கும்போதே வேண்டாத விருந்தாளியாக டையாக்சின் வகை ரசாயனங்களும் அதில் சேர்ந்துவிடும். பென்சகோலா மலைக்குப் பெயர் வந்தது இதிலிருந்துதான்.

மண்ணுக்குள் எப்படிப் போனது?

பெரிய விபத்து எதுவும் தேவையில்லை. தினசரி வேலையே போதும்.

ரயில் பெட்டி நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை. பிரஷர் குக்கர் மாதிரி மூடி போட்டது. பட்டை உரித்த மரங்களை டிராலியில் ஏற்றி உள்ளே தள்ளி, கதவை மூடி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சூடான ரசாயன எண்ணெயை அழுத்தத்தில் நிரப்புவார்கள். சில மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து மரத்தை வெளியே இழுப்பார்கள். அப்போது மரத்தில் இருந்து எண்ணெய் சொட்டும். அந்தக் காலத்தில் கீழே சிமென்ட் தளம் கிடையாது, வெறும் மண் தரைதான். உருளையில் மிச்சமாகும் கழிவு நீர், கசடு எல்லாம் பக்கத்தில் வெட்டிய குளத்துக்குப் போகும். அந்தக் குளத்துக்கும் அடியில் எந்த விரிப்பும் இருக்காது.

ஒரு நாள் சொட்டியது பெரிய விஷயமில்லை. இதுவே 40 ஆண்டு நடந்தால்?

இங்கே கிரியோசோட்டின் ஒரு குணம் முக்கியம். பெட்ரோல், டீசல் தண்ணீரில் மிதக்கும். கிரியோசோட் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், மூழ்கும். மணல் வழியாக இறங்கி, நிலத்தடி நீரையும் தாண்டி, களிமண் அடுக்கு தட்டும்வரை கீழே போகும். பிறகு அந்தக் களிமண்ணின் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஊர்ந்து போகும். போகும் வழியெல்லாம் மணல் துகள்களின் இடுக்கில் சின்னச் சின்னத் துளிகளாக ஒட்டிக்கொள்ளும். மேலே ஓடும் நிலத்தடி நீர் அந்தத் துளிகளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துப் போகும். கேஸ் சிலிண்டரில் சிறு கசிவு மாதிரி. ஆனால் சிலிண்டர் காலியாக நூறு, இருநூறு ஆண்டுகள்கூட ஆகலாம்.

இது உடம்பை என்ன செய்யும்?

கிரியோசோட் ஒரே பொருள் அல்ல, நூற்றுக்கணக்கான ரசாயனங்களின் கலவை. அதில் பெரும்பங்கு 'பாலிஅரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்' என்ற குடும்பம். துணி அலமாரியில் போடும் அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் இந்தக் குடும்பத்தின் லேசான உறுப்பினர். புகையிலைப் புகையிலும் இருக்கும் பென்சோபைரீன் இதன் கனமான, ஆபத்தான உறுப்பினர்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, கிரியோசோட்டை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம்' என்ற பிரிவில் வைத்திருக்கிறது. பென்டாவும், டையாக்சின்களிலேயே மிகக் கொடிய வகையும் அதற்கும் மேலே, 'புற்றுநோய் உண்டாக்குவது உறுதி' என்ற முதல் பிரிவில் இருக்கின்றன.

டையாக்சினின் இன்னொரு பிரச்சினை, அது எளிதில் அழியாது. கொழுப்பில் தங்கும். மண்ணில் பல பத்தாண்டு அப்படியே கிடக்கும். எனவே 'கொஞ்ச நாள் விட்டால் தானாகச் சரியாகிவிடும்' என்ற பேச்சு இங்கே எடுபடாது.

பென்சகோலாவில் நடந்தது என்ன?

எஸ்காம்பியா ட்ரீட்டிங் கம்பெனி 1942-ல் தொடங்கி 1982 வரை இயங்கியது. பரப்பு 26 ஏக்கர். மின்கம்பங்களுக்கும் அஸ்திவாரத் தூண்களுக்கும் மருந்து ஏற்றும் வேலை. முதலில் கிரியோசோட், பிறகு பென்டா. சுற்றியிருந்த ரோஸ்வுட் டெரஸ், ஓக் பார்க் போன்ற குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள்.

1991-ல் கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு இடத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனது. நிலத்தடி நீருக்கு ஆபத்து என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (சுருக்கமாக இபிஏ) அவசரமாகக் களத்தில் இறங்கியது. சுமார் 2.25 லட்சம் கன கஜம் மண்ணைத் தோண்டி எடுத்தது. மணல் லாரி கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 60,000 யூனிட்.

தோண்டியாகிவிட்டது. அதை எங்கே கொண்டுபோவது? அந்தக் கேள்விக்கு அப்போது பதில் இல்லை. எனவே அதே வளாகத்தில் குவித்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு மூடினார்கள். தற்காலிக ஏற்பாடுதான். அந்தத் 'தற்காலிகம்' 15 ஆண்டுக்கு மேல் நீடித்தது.

தோண்டும் வேலை நடந்தபோது நிலைமை இன்னும் மோசம். வேலிக்கு உள்ளே தொழிலாளர்கள் தலை முதல் கால் வரை பாதுகாப்பு உடை போட்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே, சில அடி தூரத்தில், மக்கள் சாதாரணமாகத் துணி காயப்போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள். கண் எரிச்சல், தோல் எரிச்சல், மூச்சுத் திணறல் என்று புகார்கள் கிளம்பின. 'இது ஆபத்தில்லை என்றால் அவர்களுக்கு எதற்கு அந்த உடை? ஆபத்து என்றால் எங்களுக்கு எங்கே அந்த உடை?' என்பதுதான் அந்தத் தெருக்களின் நியாயமான கேள்வி.

1992-ல் 'நச்சுப் பாதிப்புக்கு எதிரான குடிமக்கள்' என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு உருவானது. தலைமை, மார்கரெட் வில்லியம்ஸ் என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கோரிக்கை எளிமையானது: மண்ணைச் சுத்தம் செய்வது அப்புறம், முதலில் எங்களை இங்கிருந்து வெளியேற்றுங்கள்.

இபிஏ முதலில் 66 குடும்பங்களை மட்டும் மாற்ற முன்வந்தது. அழுத்தம் கூடியதும் மேலும் 35 குடும்பங்களைச் சேர்த்தது. ஆனாலும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு உட்பட 257 குடும்பங்கள் விடுபட்டன. கோடு போட்டு இந்தப் பக்கம் ஆபத்து, அந்தப் பக்கம் ஆபத்தில்லை என்ற கதை. 'போனால் எல்லோரும் போவோம், இல்லையென்றால் யாரும் இல்லை' என்று மக்கள் அமைப்பு உறுதியாக நின்றது.

1996 அக்டோபரில் இபிஏ இறங்கி வந்தது. 358 குடும்பங்களும் மாற்றப்படும் என்று ஒப்புக்கொண்டது. மதிப்பிடப்பட்ட செலவு 1.8 கோடி டாலர். நியூயார்க்கின் லவ் கெனால், மிசௌரியின் டைம்ஸ் பீச் ஆகியவற்றுக்கு அடுத்து, அமெரிக்காவில் நச்சு மாசு காரணமாக நடந்த மூன்றாவது பெரிய இடப்பெயர்ப்பு இது என்று கருதப்படுகிறது.

வெற்றிதான். ஆனால் முழு வெற்றி என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு விலை கிடைக்கும். 30 ஆண்டாகப் பழகிய பக்கத்து வீடு, நடந்து போகும் தூரத்தில் இருந்த தேவாலயம், தெரு முனை அரட்டை இதற்கெல்லாம் விலை கிடையாது. ஒரு காலனி கலைந்தால் அதை வேறு இடத்தில் அப்படியே ஒட்டவைக்க முடியாது.

மலைக்கு என்ன ஆயிற்று? 2006-ல்தான் இறுதித் தீர்வு முடிவானது. அதே வளாகத்தில், அடியிலும் மேலும் கசியாத விரிப்புகள் போட்ட பெரிய பள்ளம் அமைத்து, நச்சு மண்ணை அதற்குள் புதைப்பது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வேலை நடந்தது. மலை கண்ணில் இருந்து மறைந்தது. விஷம் ஊரைவிட்டுப் போகவில்லை; பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நிலத்தடி நீருக்குத் தனியாக 2008-ல் இன்னொரு திட்டம் போட வேண்டியிருந்தது.

கம்பெனி ஓடிவிட்டால் யார் காசு கொடுப்பது?

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டம் உண்டு. லவ் கெனால் விவகாரம் நாட்டை உலுக்கிய பிறகு, 1980 டிசம்பரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம். பொதுவாக 'சூப்பர்ஃபண்ட்' என்று அழைக்கப்படுகிறது.

இதன் அடிப்படை, மாசு செய்தவரே பணம் கட்ட வேண்டும். 'நாங்கள் கொட்டியபோது அது சட்டப்படி குற்றமில்லையே' என்று தப்பிக்க முடியாது. பழைய கணக்குக்கும் பொறுப்பு உண்டு. கம்பெனி கைமாறியிருந்தால் வாங்கியவரையும் பிடிக்கலாம்.

ஆனால் எஸ்காம்பியா மாதிரி, பணமே இல்லாமல் திவாலாகிவிட்டால்? அதற்காகத்தான் பெட்ரோலிய, ரசாயன நிறுவனங்களிடம் தனி வரி வசூலித்து ஒரு நிதி உருவாக்கினார்கள். 1995 இறுதியில் அந்த வரி காலாவதியானது. நாடாளுமன்றம் நீட்டிக்கவில்லை. 2003 வாக்கில் நிதி கரைந்துபோனது. அதன்பிறகு பொதுமக்களின் வரிப்பணம்தான். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு கழித்து, 2021, 2022-ல் வந்த சட்டங்கள் மூலம்தான் அந்த வரி மீண்டும் உயிர்பெற்றது.

சுத்தம் செய்ய என்னென்ன வழி?

எளிதான வழி எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

தோண்டி எடுப்பது: கண்ணுக்குத் தெரியும் தீர்வு. மேல்மண்ணுக்குச் சரி. ஆனால் தோண்டும்போது தூசியும் ஆவியும் கிளம்பும். எடுத்த மண்ணை வைக்க இன்னொரு இடம் வேண்டும். ஒரு ஊரின் விஷம் இன்னொரு ஊருக்கு லாரி ஏறும்.

மூடி வைப்பது: சுற்றிலும் சுவர், மேலே கசியாத மூடி. செலவு குறைவு, வேகம் அதிகம். ஆனால் காலமெல்லாம் காவல் காக்க வேண்டும்.

நீரை இறைத்துச் சுத்திகரிப்பது: போர் போட்டு மாசு நீரை மேலே எடுத்து, கார்பன் வடிகட்டியில் விட்டுச் சுத்தம் செய்வது. மாசு மேலும் பரவாமல் தடுக்க உதவும். மணலில் ஒட்டிய எண்ணெய்த் துளிகளை இது அசைக்காது. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவுவது மாதிரி.

நுண்ணுயிர்களை வைத்துத் தின்ன வைப்பது: மண்ணில் காற்றும் ஊட்டமும் கொடுத்தால் பாக்டீரியாக்கள் நாப்தலீன் போன்ற லேசான ரசாயனங்களை நன்றாகத் தின்னும். கனமான வகைகளையும் டையாக்சினையும் கண்டால் திணறும்.

சூடேற்றுவது: பூமிக்குள் நீராவியைச் செலுத்தி எண்ணெயை இளக்கி வெளியே இழுப்பது. அதே பிசுக்குப் பாத்திரத்துக்கு வெந்நீர் ஊற்றுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

கெட்டியாக்குவது: பெரிய துரப்பணத்தால் மண்ணைக் கலக்கி, அதிலேயே சிமென்ட் கலவையைச் செலுத்தி, நச்சோடு சேர்த்துக் கல்லாக உறைய வைப்பது. விஷம் உள்ளேயே இருக்கும், ஆனால் நகராது.

ஒரே மருந்து, இரண்டு நோயாளிகள்

நீராவி முறை எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதற்கு இரண்டு உண்மைக் கதைகள் உண்டு.

முதலாவது கலிஃபோர்னியாவின் வைசாலியா. சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் மின் நிறுவனம் 1925-ல் இருந்து 1980 வரை அங்கே மின்கம்பங்களுக்கு மருந்து ஏற்றியது. கிரியோசோட் நூறு அடிக்கும் கீழே இறங்கியிருந்தது. 1970-களில் இருந்தே நீரை இறைத்துச் சுத்திகரித்தார்கள். பலன் சொற்பம். அப்படியே தொடர்ந்தால் நூறாண்டைத் தாண்டும் என்று கணக்கிட்டார்கள்.

லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் உருவாக்கிய நீராவி முறையை 1997-ல் அங்கே முயன்றார்கள். 2000 வரை மூன்றே ஆண்டுகளில் சுமார் 13 லட்சம் பவுண்டு, அதாவது ஏறக்குறைய 600 டன் நச்சு அகற்றப்பட்டது. அதில் ஒரு பகுதி சூட்டில் பூமிக்குள்ளேயே சிதைந்து கார்பன் டை ஆக்சைடாக மாறியது. 2009-ல் அந்த இடம் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் இருந்தே நீக்கப்பட்டது. இந்தத் துறையில் இது அபூர்வம்.

இரண்டாவது, வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவு. ஈகிள் ஹார்பர் என்ற சிறு துறைமுகத்தின் கரையில் விக்காஃப் ஆலை, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்து 1988 வரை இயங்கியது. வைசாலியா வெற்றியைப் பார்த்து 2002-ல் இங்கேயும் நீராவி பரிசோதனை தொடங்கினார்கள். குழாய் வழியாக மேலே வந்த நாப்தலீன், குளிர்ந்ததும் படிகமாக உறைந்து கருவிகளை அடைத்தது. அந்துருண்டை குழாய்க்குள்ளேயே உருவானது மாதிரி. அடுத்த ஆண்டே பரிசோதனை நின்றது.

அந்த மண்ணுக்கு அடியில் இன்னும் சுமார் 6.5 லட்சம் கேலன் கிரியோசோட் இருப்பதாக மதிப்பீடு. சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் நிரப்பினால் 200 லாரிக்கு மேல் வரும். இப்போது தேர்ந்தெடுத்திருக்கும் வழி, சிமென்ட் கலந்து கெட்டியாக்குவது.

அதே ஈகிள் ஹார்பரில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1980-களில் அங்கே கடலடியில் வாழும் 'இங்கிலிஷ் சோல்' என்ற தட்டை மீன்களின் கல்லீரலில் கட்டிகள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். 1993-94-ல், வேறிடத்தில் தூர்வாரிய சுத்தமான மணலைக் கொண்டுவந்து கடலடி மாசின் மேல் பரப்பினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் மீன்களின் கல்லீரல் பாதிப்பு கணிசமாகக் குறைந்தது. சரியான இடத்தில், சரியான வேலை செய்தால் இயற்கை பதில் சொல்கிறது.

எவ்வளவு சுத்தம் 'சுத்தம்'?

கடைசியில் சண்டை எல்லாம் ஓர் எண்ணில் வந்து நிற்கும். மண்ணில் எவ்வளவு டையாக்சின் இருந்தால் பரவாயில்லை?

1998-ல் இபிஏ குடியிருப்புப் பகுதிக்கு நிர்ணயித்த அளவு, நூறு கோடியில் ஒரு பங்கு. சுமார் 32 ஆண்டுகளில் ஒரே ஒரு விநாடி எவ்வளவோ, அவ்வளவு. தொழிற்சாலை வளாகம் என்றால் அதைவிட 5 முதல் 20 மடங்கு வரை அனுமதி. 2012-ல் டையாக்சின் பற்றிய மறுமதிப்பீடு வந்தபோது, குடியிருப்புக்கான தொடக்க இலக்கு ஏறக்குறைய 20 மடங்கு கடுமையானது.

1998 அளவை நம்பி 'சுத்தம்' என்று முத்திரை வாங்கிய ஓர் இடம், 2012-ல் அதே மண்ணோடு 'மறுபடி பார்க்க வேண்டும்' என்ற பட்டியலுக்குப் போகலாம். மண் மாறவில்லை, அதைப் பற்றிய அறிவு மாறியது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. 'இந்த இடம் இனி வீட்டுக்கு இல்லை, கிடங்குக்குத்தான்' என்று நிலப் பயன்பாட்டை மாற்றிவிட்டால் சுத்தம் செய்யும் அளவும் செலவும் குறைந்துவிடும். பென்சகோலாவில் மக்கள் வாழ்ந்த இடம் உட்பட அந்தப் பகுதியை வணிகப் பூங்காவாக்க உள்ளூர் நிர்வாகம் திட்டமிட்டதற்கு இது ஒரு பின்னணி. வைசாலியாவிலும் பட்டியலில் இருந்து நீக்கிய பிறகு நிலத்தைப் பயன்படுத்தக் கட்டுப்பாடுகள் உண்டு. நச்சை உள்ளேயே விட்டுவைத்த எந்த இடத்தையும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் விதி.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

மர மருந்துகளின் வரலாற்றில் ஓர் இந்தியப் பெயர் உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொன்டி காமேசன், 1933-ல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் பரவிய 'சிசிஏ' மர மருந்து அதுதான். மரத்தை அருமையாகக் காத்தது. அதில் உள்ள ஆர்சனிக் பற்றிய கவலையால், 2003 இறுதியோடு அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான பெரும்பாலான மரங்களில் அதைப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது.

இந்திய ரயில்வேயும் கிரியோசோட்டை நிறையப் பயன்படுத்தியது. பஞ்சாபின் டில்வான், அசாமின் நாகர்கட்டியா, பரேலி அருகே கிளட்டர்பக்கஞ்ச், பாலக்காடு அருகே ஒலவக்கோடு ஆகிய இடங்களில் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு மருந்து ஏற்றும் ஆலைகள் இருந்தன. கான்கிரீட் ஸ்லீப்பர் வந்த பிறகு மரத்தின் தேவை குறைந்தது. இந்த ஊர்களில் விஷம் இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. எந்தத் தொழில் எந்த இடத்தில், எத்தனை ஆண்டு நடந்தது என்ற பதிவு முக்கியம் என்பதுதான் செய்தி.

பென்டா இந்தியாவில் தடை செய்யப்பட்ட பட்டியலில் உள்ளது. உலக அளவில் 2015-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. 2022-ல் அமெரிக்காவும் அதைக் கைவிட முடிவு செய்து, 2027 வரை அவகாசம் கொடுத்தது.

மாசடைந்த இடங்களை எப்படிக் கண்டறிவது, யார் சுத்தம் செய்வது என்பதற்கு இந்தியாவில் நீண்ட காலம் தனி விதி இல்லை. 2025 ஜூலையில்தான் மத்திய அரசு அதற்கான விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் கண்டறிந்து தெரிவிக்க வேண்டும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய வேண்டும், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும், அவர் கிடைக்காவிட்டால் அரசு ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்கா 1980-ல் தொடங்கிய இடத்துக்கு இந்தியா இப்போது வந்திருக்கிறது.

பழைய ஸ்லீப்பர் கட்டை வாங்கலாமா?

கஃபே பெஞ்ச், தோட்டப் படிக்கட்டு, 'ரஸ்டிக் லுக்' டேபிள் என்று பழைய ரயில் கட்டைகளுக்கு இப்போது மவுசு. ஆனால் கிரியோசோட் ஏற்றிய மரத்தை வீட்டுப் பயன்பாட்டுக்கு இபிஏ அங்கீகரிக்கவே இல்லை. தோட்ட அலங்காரமும் அதில் அடக்கம். தார் வாசனை அடித்தாலோ, வெயிலில் பிசுபிசுப்பு வந்தாலோ தவிர்ப்பது நல்லது. காய்கறிப் பாத்திக்கு வேலியாகப் போட வேண்டாம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். எந்தக் காரணம் கொண்டும் அடுப்பிலோ கேம்ப்ஃபயரிலோ எரிக்கக் கூடாது. புகை இன்னும் ஆபத்து.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

பழைய தொழிற்சாலை நிலங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் ஐடி பூங்காக்களாகவும் மாறும் காலம் இது. மாதத் தவணை கட்டி அங்கே குடிபோகப்போகும் தலைமுறைக்கு பென்சகோலா கதை நான்கு கேள்விகளைக் கற்றுத்தருகிறது.

இங்கே முன்பு என்ன இருந்தது? மண்ணையும் நிலத்தடி நீரையும் யார் பரிசோதித்தார்கள்? எந்த அளவுகோலை வைத்து 'சுத்தம்' என்றார்கள், வீட்டுக்கான அளவா, தொழிற்சாலைக்கான அளவா? உள்ளே ஏதாவது புதைத்து மூடியிருந்தால் அதை யார், எத்தனை ஆண்டு காவல் காப்பார்கள்?

பென்சகோலாவின் 358 குடும்பங்களுக்கும் இந்தக் கேள்விகளைக் கேட்கும் வாய்ப்பு, மலை முளைத்த பிறகுதான் கிடைத்தது. நிலம் வாங்குவதற்கு முன்னால் கேட்டால் செலவு ஒரு போன் கால் மட்டும்தான்.